அமெரிக்காவின் மூன்றாம் வகுப்புத் தேர்வு: மதிப்பெண் குழந்தைக்கா, பள்ளிக்கா?

டெக்சஸில் குடியேறி ஓராண்டு ஆகும் ஒரு தாய் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகளுக்கு ஏப்ரலில் அந்த மாநிலம் நடத்தும் ‘ஸ்டார்’ தேர்வு இருப்பதாகப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்று சொல்லப்படும் நாட்டில், எட்டு வயதுக் குழந்தை எழுதும் தேர்வைக் கூட்டாட்சி அரசின் சட்டம் எப்படிக் கட்டாயமாக்குகிறது என்பது முதல் கேள்வி. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித் தேர்வு வைத்ததால் பள்ளிகள் உண்மையில் முன்னேறினவா என்பது இரண்டாவது. நான் தென் மாநிலம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினான்கு ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன். அந்தச் சட்டம் உச்சத்தில் இருந்த காலத்தையும் அது தளர்ந்த காலத்தையும் வகுப்பறைக்குள் இருந்தே பார்த்தவன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் பொதுத்தேர்வு என்றால் மதிப்பெண் மாணவரின் தலைமேல் ஏறுகிறது. எந்தப் பாடப்பிரிவு, எந்தக் கல்லூரி என்பதையெல்லாம் அந்த எண்ணே முடிவுசெய்கிறது. பள்ளியின் தேர்ச்சி விகிதம் செய்தித்தாளில் வருவது அதற்கு அடுத்த கதை. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கேட்கும் தேர்வு இதற்கு நேர்மாறானது. குழந்தை எழுதினாலும், மதிப்பிடப்படுவது பள்ளி. டெக்சஸில் இன்று மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஸ்டார் தேர்வில் தவறினார் என்பதற்காக மட்டும் ஒரு குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கச் சொல்லும் மாநில விதி இல்லை; கூடுதல் பயிற்சி நேரம் தரவேண்டும் என்ற கடமை பள்ளிக்குத்தான் வருகிறது. உயர்நிலைப் பள்ளியில் அல்ஜீப்ரா, உயிரியல் போன்ற ஐந்து பாடங்களின் இறுதித் தேர்வுகள், பள்ளிப்படிப்பை முடித்ததற்குத் தரும் பட்டயத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பது வேறு; அது மாநிலமே போட்டுக்கொண்ட விதி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருபவை விளங்கும்.

அமெரிக்க அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே கிடையாது. கூட்டாட்சிக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று பத்தாவது திருத்தம் சொல்வதால், பாடத்திட்டம், ஆசிரியர் உரிமம், பள்ளி நிர்வாகம் ஆகிய எல்லாம் மாநிலங்களின் கையிலும், உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் 13,000க்கும் அதிகமான ‘பள்ளி மாவட்டங்களின்’ கையிலும் இருக்கின்றன. ஆகவே வாஷிங்டன் நேரடியாகக் கட்டளையிடுவதில்லை. பணம் தருகிறது, பணத்தோடு நிபந்தனையும் தருகிறது. இந்த வழியைத் திறந்தது 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம். அதிபர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டது வெள்ளை மாளிகையில் அல்ல. டெக்சஸில் தாம் சிறுவயதில் படித்த பழைய பள்ளிக்கூடத்தின் அருகே, தமக்கு முதன்முதலில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியை பக்கத்தில் அமர்ந்திருக்கக் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் முதற்பகுதி, ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு நிதி வழங்கியது. ‘டைட்டில் ஒன்று’ என்று இன்றும் பள்ளிகளில் புழங்கும் பெயர் அதுதான். இன்று அந்த ஒரு பகுதிக்கே ஆண்டுக்கு 1,800 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கப்படுகிறது. நாட்டின் மொத்தப் பள்ளிச் செலவில் கூட்டாட்சியின் பங்கு பத்தில் ஒன்றைச் சுற்றித்தான் நிற்கிறது என்றாலும், அந்தப் பணம் போய்ச் சேருவது வேறு வழியில்லாத பள்ளிகளுக்கு. எந்த மாநிலமும் சட்டப்படி அதை வேண்டாம் என்று சொல்லலாம். நடைமுறையில் சொல்ல முடிவதில்லை. உங்கள் மகளின் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் அதிகாரம் இதுவே.

முதல் முப்பது ஆண்டுகளில் இந்தப் பணம் எங்கே போகிறது என்ற கணக்கு இருந்தது. அதனால் குழந்தைகள் என்ன கற்றார்கள் என்ற கணக்கு இல்லை. நாட்டின் கல்வித்தரம் சரிகிறது என்று ரீகன் ஆட்சிக் காலத்தில், 1983இல், வெளிவந்த ஆணைய அறிக்கை அந்தக் கவலையைப் பொதுப்பேச்சாக்கியது. 1994இல் கிளின்டன் ஆட்சியில் சட்டம் திருத்தப்பட்டபோது, மாநிலங்கள் பாடத்தர அளவுகோல்களை வகுத்து, பள்ளிப் பருவத்தில் மூன்று கட்டங்களில் தேர்வு வைக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. பல மாநிலங்கள் அதை இழுத்தடித்தன. டெக்சஸோ 1993லேயே தானாக ஒரு முறையை உருவாக்கியிருந்தது. பள்ளிகளின் தேர்வு முடிவுகளைக் கறுப்பின மாணவர், லத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர், ஏழை மாணவர் என்று பிரித்துப் பார்த்துப் பள்ளிக்குத் தரம் போடும் முறை அது. அந்த மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஜார்ஜ் புஷ் அதிபரானபோது அதே எண்ணத்தை நாடு முழுவதற்கும் கொண்டுபோனார். ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்று பொருள்படும் ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டத்தில் 2002 ஜனவரி 8 அன்று ஒஹையோவின் ஹாமில்டன் நகரில் உள்ள உயர்நிலைப் பள்ளியில் அவர் கையெழுத்திட்டார். பிரதிநிதிகள் அவையில் 381க்கு 41, செனட்டில் 87க்கு 10 என்று அது நிறைவேறியது. எட்வர்ட் கென்னடி போன்ற இடதுசாரிச் சார்புள்ள செனட்டரும் ஜான் பேனர் போன்ற குடியரசுக் கட்சித் தலைவரும் ஒரே மசோதாவுக்குத் தோள்கொடுத்த கடைசிப் பெரிய கல்விச் சட்டங்களுள் அதுவும் ஒன்று.

சட்டம் கேட்டது இதுதான். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணிதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் தேர்வு வைக்கவேண்டும். பின்னர் அறிவியலும் மூன்று கட்டங்களில் சேர்ந்தது. முடிவுகளைப் பள்ளியின் சராசரியாக மட்டும் வெளியிட்டால் போதாது. ஒவ்வோர் இனப்பிரிவுக்கும், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக வெளியிடவேண்டும். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது 95 விழுக்காட்டினர் தேர்வு எழுதியிருக்கவேண்டும். 2013-14 கல்வியாண்டுக்குள் ஒவ்வொரு குழுவிலும் நூற்றுக்கு நூறு பேர் ‘தேர்ச்சி நிலை’யை எட்டவேண்டும். இடைப்பட்ட ஆண்டு இலக்கைத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தவறவிடும் டைட்டில் ஒன்று பள்ளியிலிருந்து பெற்றோர் வேறு பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு மாவட்டச் செலவில் தனிப்பயிற்சி. அதற்கும் மேல் போனால் பாடத்திட்டத்தையோ ஆசிரியர்களையோ மாற்றுவது, கடைசியில் பள்ளியையே கலைத்துத் திரும்ப அமைப்பது என்று தண்டனைகள் படிப்படியாக ஏறின. பலதரப்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒரு பெரிய பள்ளி ஓராண்டில் 37 இலக்குகள் வரை எட்டவேண்டியிருந்தது. அவற்றுள் 36ஐ எட்டி ஒன்றில் தவறினாலும் அந்தப் பள்ளி தவறிய பள்ளிதான்.

இந்தச் சட்டத்தைத் திட்டுவது எளிது. ஆசிரியர் அறைகளில் நானும் நிறையத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அது செய்த ஒரு நன்மையை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பிரித்து எண்ணியதுதான் அந்த நன்மை. சராசரி என்பது ஒரு போர்வை. வசதியான புறநகர்ப் பள்ளியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் நன்றாகப் படித்துவிட்டால், மீதிப் பதினைந்து பேர் யார், ஆண்டுதோறும் அவர்கள் ஒரே வீடுகளிலிருந்துதான் வருகிறார்களா என்று யாரும் கேட்டதில்லை. கற்றல் குறைபாடுள்ள குழந்தைகள் தேர்வு நாளன்று வராமல் இருந்தால் நல்லது என்று சொல்லாமல் சொல்லப்பட்ட பள்ளிகள் உண்டு. 95 விழுக்காடு என்ற விதி பிறந்தது அதனால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு, கட்டடத்தின் பின்புறம் இருந்த தற்காலிக அறையில் நடந்துகொண்டிருந்தது. சட்டம் வந்த சில ஆண்டுகளில், ‘அந்தக் குழந்தைகளுக்குப் பின்னத்தை யார் சொல்லித்தருகிறார்கள்’ என்ற கேள்வி முதன்முறையாக எங்கள் கணித ஆசிரியர் கூட்டத்தில் எழுந்தது. அது கருணையால் எழுந்த கேள்வி அல்ல, கணக்கால் எழுந்தது. இருந்தாலும் எழுந்தது, அவர்களுள் பெரும்பாலோர் அடுத்த ஆண்டு முதன்மை வகுப்பறைக்கு வந்தார்கள்.

பிழை எங்கே தொடங்கியது என்றால், நூற்றுக்கு நூறு என்று நாள் குறித்தார்கள். ஆனால் ‘தேர்ச்சி’ என்றால் என்ன என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வரையறுத்துக்கொள்ள விட்டார்கள். இலக்கு வாஷிங்டனுடையது, அளவுகோல் மாநிலத்தினுடையது, தண்டனை பள்ளிக்கு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் கோட்டைத் தாழ்த்துவதுதான் எளிய வழி. 2005ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி மாநிலத்தின் சொந்தத் தேர்வின்படி நான்காம் வகுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகள் வாசிப்பில் தேர்ச்சி நிலையில் இருந்தார்கள். அதே ஆண்டு, நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில மாணவர்கள் மட்டும் எழுதும் ‘நேப்’ என்ற தேசியத் தேர்வில் அந்த நிலையை எட்டியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. தேசியத் தேர்வின் ‘தேர்ச்சி’ என்பது அந்த வகுப்புக்குரிய சராசரித் திறனைவிட உயர்ந்த நிலை என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். பலர் அதை மறந்துவிட்டு மூன்றில் இரண்டு அமெரிக்கக் குழந்தைகளுக்கு வாசிக்கத் தெரியாது என்று எழுதுகிறார்கள், அது தவறு. என்றாலும் அந்த இடைவெளியை அது மட்டும் விளக்கிவிடாது. வேறு சில மாநிலங்கள் பாரத்தைப் பின்னாளுக்குத் தள்ளிவைத்தன. கலிஃபோர்னியா, தொடக்கப் பள்ளி ஆங்கிலத்தில் 2007 வரை 24.4 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றால் போதும் என்று வைத்துக்கொண்டு, அதன்பின் ஆண்டுக்குப் பத்துப் புள்ளிக்கும் மேல் ஏறி 2014இல் நூறைத் தொடுவதாகத் திட்டம் கொடுத்தது. அதற்குள் சட்டம் மாறிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

தேர்ச்சிக் கோடு என்று ஒன்று போட்டு, அதைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணினால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதை ஒரு பிப்ரவரி மாதத்து மாலையைக் கொண்டு சொல்கிறேன். பள்ளி முடிந்தபின் ஏழாம் வகுப்பு ஆசிரியர்கள் எல்லோரும் நூலகத்தில் கூடினோம். சுவரில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை ஒட்டப்பட்டிருந்தது: பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை என்றால் பயிற்சித் தேர்வில் கோட்டைத் தாண்டியவர். மஞ்சள் என்றால் கோட்டுக்குச் சற்று கீழே நிற்பவர். சிவப்பு என்றால் தொலைவில் இருப்பவர். மஞ்சள் பிள்ளைகளை ஆங்கிலத்தில் நீர்க்குமிழியைச் சொல்லும் சொல்லால் அழைப்பார்கள். கொஞ்சம் ஊதினால் மேலே போய்விடுவார்கள் என்று பொருள். அடுத்த எட்டு வாரங்களுக்கு மாலை வகுப்பு, தனிக்கவனம் எல்லாம் மஞ்சளுக்கே என்று முடிவாயிற்று. எங்கள் தலைமையாசிரியர் கல்நெஞ்சர் அல்லர்; இரண்டு ஆண்டுகளாகத் தவறிய பள்ளியை மூடவிடாமல் காப்பாற்றப் பார்த்தார். என் வகுப்பில் சிவப்பு அட்டைக்காரன் ஒருவன் இருந்தான். செப்டம்பரில் வந்தபோது அவனுக்கு அரையும் காலும் சேர்ந்தால் என்ன என்று தெரியாது. பகுதி எண்ணோடு பகுதி எண்ணைக் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதுவான். பிப்ரவரியில் முக்கால் என்று எழுதினான், ஏன் என்று கோடு போட்டும் காட்டினான். நூற்றுக்கு முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்திரண்டுக்கு வந்திருந்தான். கோடு அறுபதில் இருந்தது. ஐம்பத்தொன்பதிலிருந்து அறுபத்தொன்றுக்குப் போன பிள்ளை பள்ளிக்கு ஒரு புள்ளி தந்தாள். பதினேழு ஏறிய இவன் தந்தது சுழி. அந்த எட்டு வாரங்களில் அவனுக்குச் சேரவேண்டிய நேரத்தை நான் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இது எங்கள் பள்ளியில் மட்டும் நடந்ததல்ல. சிகாகோவில் டெரெக் நீலும் டயேன் ஷான்சென்பாக்கும் செய்த ஆய்வு இதையே எண்களில் காட்டியது: தண்டனையோடு கூடிய தேர்வு வந்தபின் நடுவில் இருந்த மாணவர்களின் மதிப்பெண் ஏறியது, அடித்தட்டில் இருந்தவர்களின் மதிப்பெண் ஏறவில்லை. யாரையும் பின்தங்கவிடக் கூடாது என்ற பெயரோடு வந்த சட்டத்தில் மிகவும் பின்தங்கிய குழந்தைக்குத்தான் கணக்கில் இடமில்லாமல் போயிற்று. மாநிலங்கள் மாணவரின் ஆண்டு வளர்ச்சியையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2005இல் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

எண்ணப்படாத பாடங்களுக்கும் இதே கதிதான். சட்டம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆனபின் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், தொடக்கப் பள்ளியில் ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ நேரத்தைக் கூட்டியதாக 62 விழுக்காடு மாவட்டங்களும், சமூக அறிவியல், அறிவியல், ஓவியம், இசை, விளையாட்டு போன்றவற்றுள் ஒன்றையாவது குறைத்ததாக 44 விழுக்காடு மாவட்டங்களும் சொல்லின. பாடவேளையைக் கூட்ட முடியாது. ஒன்று பெருத்தால் இன்னொன்று சிறுக்கும்.

எண்ணுக்கு அதிகப் பாரம் ஏற்றினால் எண்ணே பொய்யாகும் என்பதை அட்லாண்டா காட்டியது. அந்த நகரப் பள்ளிகளின் மதிப்பெண்கள் ஆண்டுதோறும் வியக்கும்படி ஏறின. பாராட்டுகளும் ஊக்கத்தொகைகளும் வந்தன. விடைத்தாள்களில் அழிப்பான் தடங்கள் அளவுக்கு மீறி இருப்பதையும், தவறான விடை அழிக்கப்பட்டுச் சரியான விடை நிரப்பப்பட்ட இடங்கள் தற்செயலாக நேர முடியாத எண்ணிக்கையில் இருப்பதையும் மாநில அரசு கவனித்து விசாரித்தது. 2011இல் வெளியான விசாரணை அறிக்கை, ஆராயப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்ததென்றும் 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் அதில் பங்குபெற்றனர் என்றும் கூறியது. 2015 ஏப்ரலில் பதினொரு பேர், குற்றக் கும்பல்களுக்கு எதிராக இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் தண்டனைக்குரியவர்கள் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தாள்களுக்குச் சொந்தக்காரர்களான குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். தேர்ச்சி பெற்றதாகத் தாள் சொன்னதால், அவர்களுக்கு வரவேண்டிய கூடுதல் உதவி வராமலே போயிற்று.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாநிலத் தேர்வுகளை வைத்து இதற்கு விடை சொல்லக் கூடாது. பாரம் ஏற்றப்பட்ட எண்கள் அவை. நம்பத்தக்கது ‘நேப்’ என்று அழைக்கப்படும் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு. நாடு முழுவதும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் மட்டும் எழுதுவது அது. எந்தக் குழந்தைக்கும் எந்தப் பள்ளிக்கும் அதில் தனி மதிப்பெண் கிடையாது. அதனால் அதற்கென்று யாரும் பயிற்சி தருவதில்லை. அதில் நான்காம் வகுப்புக் கணிதச் சராசரி 2000இல் 226, 2003இல் 235, 2007இல் 240, 2013இல் 242. எட்டாம் வகுப்புக் கணிதம் அதே காலத்தில் 273இலிருந்து 285க்கு வந்தது. நான்காம் வகுப்பு வாசிப்போ 2002இல் 219, 2013இல் 222. பதினோர் ஆண்டுகளில் மூன்றே புள்ளி. கணித ஏற்றம் முழுவதையும் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது என்பதற்கு முதல் தாவலே சான்று: 226இலிருந்து 235க்குப் போனது சட்டம் நடைமுறைக்கு வந்தும் வராமலும் இருந்த காலத்தில். தேர்வு முடிவுக்குப் பள்ளியைப் பொறுப்பாக்கும் முறையை அதற்கு முன்பே சொந்தமாக வைத்திருந்த மாநிலங்களையும், சட்டத்தால் புதிதாக அதற்குள் வந்த மாநிலங்களையும் ஒப்பிட்டு தாமஸ் டீயும் பிரையன் ஜேக்கப்பும் செய்த ஆய்வுதான் எனக்குத் தெரிந்தவற்றுள் கவனமானது. நான்காம் வகுப்புக் கணிதத்தில் சட்டத்தால் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது, வாசிப்பில் அப்படி எதையும் காணமுடியவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

கணிதம் ஏறி வாசிப்பு ஏறாததற்கு நான் சொல்லும் காரணம் இது. பின்னமும் பெருக்கலும் பள்ளியில் கற்பவை. பாடவேளையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தால் பலன் தெரியும். வாசித்துப் பொருள் கொள்வது அப்படியல்ல. எழுத்துக்கூட்டத் தெரிந்தபின், ஒரு பத்தி விளங்குவதும் விளங்காததும் அந்தப் பத்தி எதைப் பற்றியது என்பது குழந்தைக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. எரிமலை பற்றி அறிவியல் வகுப்பில் படித்த குழந்தை எரிமலை பற்றிய கேள்வித்தாள் பத்தியை வாசித்துவிடும். அறிவியலையும் வரலாற்றையும் குறைத்துவிட்டு, அந்த நேரத்தில் ‘மையக்கருத்தைக் கண்டுபிடி’ என்று நூறு பயிற்சித் தாள்களை நிரப்பவைத்தால், வாசிப்புக்கு வேண்டிய மூலப்பொருளையே பறித்துக்கொண்டதாக ஆகும். அந்தத் தாள்களைக் கத்தையாக அச்சடிக்கும் எந்திரம் எங்கள் பள்ளியில் மார்ச் மாதம் முழுவதும் ஓயாமல் ஓடும். பக்கத்து வகுப்பறை ஆங்கில ஆசிரியை, கதைப்புத்தகம் வாங்கப் பணமில்லை, தாளுக்கு மட்டும் குறைவில்லை என்று சொல்லி வருந்துவார்.

2011 வாக்கில் கதை முட்டுச்சந்துக்கு வந்தது. அந்த ஆண்டே நாட்டின் பள்ளிகளில் 82 விழுக்காடு தவறிய பள்ளிகள் ஆகிவிடக்கூடும் என்று கல்வித்துறைச் செயலர் ஆர்ன் டங்கன் எச்சரித்தார். அது மிகை மதிப்பீடு, உண்மையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பாதிப் பள்ளிகளைத் தோல்வி என்று சொல்லும் சட்டம் எதையும் சொல்லாத சட்டம்தான். நாடாளுமன்றம் திருத்தத் தவறியதால், ஒபாமா அரசு மாநிலங்களுக்கு விலக்கு கொடுத்தது. பதிலுக்கு ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர் மதிப்பெண்ணைச் சேர்க்கச் சொன்னது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. வாஷிங்டன் மாநிலம் அந்த நிபந்தனையை நிறைவேற்றாததால் 2014இல் விலக்கை இழந்தது. பள்ளியின் மேல் இருந்த பாரம் இப்போது தனி ஆசிரியரின் தோளுக்கு மாறியதால், எதிர்ப்பு பெற்றோரிடமும் பரவியது. 2015இல் நியூயார்க் மாநிலத்தில் தேர்வெழுத வேண்டிய மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு எழுத மறுத்தார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று ஒபாமா கையெழுத்திட்ட, ‘ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறுகிறார்’ என்று பொருள்படும் ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம்தான் இன்றும் நடப்பில் உள்ளது. லமார் அலெக்சாண்டர், பாட்டி மர்ரே என்னும் இரு கட்சி செனட்டர்கள் சேர்ந்து வடித்தது அது. ஆண்டுத் தேர்வு, குழுவாரியாக வெளியிடுதல், 95 விழுக்காட்டு விதி ஆகிய மூன்றையும் அது வைத்துக்கொண்டது. நூற்றுக்கு நூறையும் அடுக்கடுக்கான தண்டனையையும் தூக்கி எறிந்தது. கடைநிலையில் உள்ள ஐந்து விழுக்காடு டைட்டில் ஒன்று பள்ளிகளையும், மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டயம் பெறாமல் போகும் உயர்நிலைப் பள்ளிகளையும் அடையாளம் கண்டு திருத்தவேண்டும். எப்படித் திருத்துவது என்பது மாநிலத்தின் பாடு. ஆசிரியர் மதிப்பீட்டில் கூட்டாட்சி தலையிடக் கூடாது. தேர்வல்லாத ஓர் அளவையும் சேர்க்கவேண்டும். பல மாநிலங்கள் பள்ளிக்கு நெடுநாள் வராத மாணவரின் விகிதத்தைத் தேர்ந்தெடுத்தன. 2020 வசந்தத்தில் பெருந்தொற்றால் எல்லா மாநிலங்களுக்கும் தேர்விலிருந்து விலக்கு கிடைத்தது. அதன்பின் வந்த நேப் முடிவுகள் கசப்பானவை: எட்டாம் வகுப்புக் கணிதம் 2022இல் எட்டுப் புள்ளி இறங்கி 274க்கு வந்தது, 2024இலும் அங்கேயே நிற்கிறது, நான்காம் வகுப்பு வாசிப்பு 215க்கு இறங்கிவிட்டது. இருபது ஆண்டு ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோயிற்று.

முன்னே குறைசொன்ன மிசிசிப்பிக்கு இங்கே நியாயம் செய்யவேண்டும். 2013இல் அந்த மாநிலம் ஒரு வாசிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவைப் படிமுறையாகக் கற்பிப்பதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது. பலவீனமான பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பி வகுப்பறையிலேயே ஆசிரியரோடு நிற்கவைத்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத குழந்தைகளை நிறுத்தியும் வைத்தது. 2019இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் அந்த ஏழை மாநிலம் தேசியச் சராசரியைத் தொட்டது. நாடே இறங்கிய 2024இல் சராசரிக்கு மேலே நின்றது. நிறுத்திவைத்ததால்தான் மதிப்பெண் கூடித் தெரிகிறது என்று வாதிடுவோர் உண்டு. அதற்கு ஓரளவு பங்கு இருக்கலாம். ஆனால் மற்ற மாநிலங்கள் தேர்வு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் தேர்வு சொன்ன குறையைக் கேட்டு ஆசிரியருக்குக் கற்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையே நான் முக்கியமாகப் பார்க்கிறேன். காய்ச்சல்மானி காய்ச்சலைத் தீர்க்காது. அதைக் கொண்டு நோயாளியை அடிக்கவும் கூடாது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதைச் செய்தது.

ஆகவே ஆண்டுத் தேர்வே வேண்டாம் என்று சொல்லும் நண்பர்களோடு நான் சேர்வதில்லை. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் பட்டயத்துக்கு மாநிலத் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை நீக்கியபோது அதை வரவேற்றேன், ஏனென்றால் அங்கே தேர்வு இன்னும் நடக்கிறது, குழந்தையின் எதிர்காலத்தை மட்டும் அது பிடித்துவைத்திருக்கவில்லை. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் கூட்டாட்சிக் கல்வித்துறையையே மூடும் திசையில் ஆணையிட்டு, ஊழியர்களும் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கப்பட்டபோது எனக்கு வந்த கவலையும் இதே காரணத்தால்தான். சட்டத்தை நீக்க நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். ஆனால் குழுவாரிக் கணக்கைக் கேட்டு வாங்கவும் நேப்பை நடத்தவும் ஆள் இல்லாமல் போனால், தற்காலிக அறைக்குள் இருந்த வகுப்பு மறுபடியும் கட்டடத்தின் பின்புறத்துக்குப் போய்விடும்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வைத் தவிர்க்கப் பெற்றோருக்கு டெக்சஸ் சட்டத்தில் உரிமை இல்லை, ஆகவே அவள் எழுதட்டும். பயமுறுத்தாதீர்கள், சிறப்பு வகுப்பில் பணம் கட்டாதீர்கள், முதல்நாள் இரவு தூங்கவையுங்கள். 2025இல் நிறைவேறிய மாநிலச் சட்டப்படி 2027-28 முதல் ஸ்டார் போய், ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகள் வரவிருக்கின்றன. அதற்காகவும் இப்போதே பதற வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்ற கேள்விக்குத் தமிழ் என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால் பிள்ளையை மட்டமாக நினைப்பார்கள் என்று பயந்து நம்மவர்களில் சிலர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் என்று எழுதினால் பள்ளி அவளுடைய ஆங்கிலத்தைச் சோதிக்கவேண்டும். தேவைப்பட்டால் ஆங்கிலம் கற்பவர் என்ற குழுவில் சேர்த்து உதவி தரவேண்டும். ஒரே விடைத்தாள் பள்ளியின் மொத்தக் கணக்கிலும், ஆசிய மாணவர் கணக்கிலும், ஆங்கிலம் கற்பவர் கணக்கிலும் ஏறும்.

கோடையில் முடிவு வரும்போது ‘அப்ரோச்சஸ்’ (நெருங்குகிறார்), ‘மீட்ஸ்’ (எட்டுகிறார்), ‘மாஸ்டர்ஸ்’ (முழுமையாகக் கைவரப்பெற்றார்) என்ற நிலைப் பெயர்களில் எது என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்காதீர்கள். பள்ளி தரும் குறியீட்டு எண்ணைக் கொண்டு மாநிலத் தளத்துக்குள் நுழைந்தால், அவள் சந்தித்த கேள்விகளும் அவள் அளித்த விடைகளும் தெரியும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தவறிய கணக்குகளுள் மூன்றை எடுத்து, எப்படி யோசித்தாய் என்று கேளுங்கள். ஆகஸ்டில் புதிய ஆசிரியரைச் சந்திக்கும்போது அந்த மூன்று கணக்குகளை எடுத்துச் செல்லுங்கள். கூடவே பள்ளியின் அறிக்கை அட்டையையும் திறந்து, மேலே பெரிதாகப் போட்டிருக்கும் ஓர் எழுத்துத் தரத்தைக் கடந்து, கீழே ஆங்கிலம் கற்பவர், ஏழைக் குடும்பத்தினர், மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்திருக்கும் கட்டங்களைப் பாருங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே வந்திருந்தால், அது உங்கள் மகளின் கட்டமாக இல்லாவிட்டாலும், பெற்றோர் கூட்டத்தில் ஏன் என்று கேளுங்கள்.